லைன்மேனுக்கு மோர் கொடுத்த மத்தியானம்

நான் விழுந்தபோது என் அண்ணன் ஆச்சரியப்படவில்லை.

நெம்மேலியில் தொடங்கி மாமல்லபுரத்தில் முடியும் பத்து கிலோமீட்டர் ஓட்டம் அது. எங்கள் கல்லூரி நடத்தியது. கடைசி அரை கிலோமீட்டரை நான் எப்போதும் வெறி பிடித்தவள் மாதிரி ஓடுவேன். அன்றும் ஓடினேன். முடிவுக் கோட்டைத் தாண்டி நின்றேன். பத்து எண்ணுவதற்குள் கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண் திறந்தபோது கன்னமெல்லாம் மணல். என் அறைத்தோழி நஸ்ரீன் என் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலகச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் வேலு தலைமாட்டில் மண்டியிட்டிருந்தான். கையில் தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல்.

“தண்ணி குடுங்கண்ணா. இன்னா, பாத்துகினே கீறீங்க?” என்றாள் நஸ்ரீன்.

சுற்றி நின்றவர்கள் முகத்தில் எல்லாம் திகைப்பு. அவன் முகத்தில் மட்டும் அது இல்லை. ஒரு முறை பார்த்துவிட்டதை மறுபடி பார்ப்பவனின் முகம். அதைச் சரியாகப் படித்துக்கொள்ள எனக்கு மறுநாள் வரை ஆயிற்று.

இப்போது நன்றாக இருக்கிறேன். மாடிப்படி ஏறுகிறேன், உட்கார்ந்து இதைத் தட்டச்சு செய்கிறேன். இதே வியாதி உள்ள வீடுகள் இன்னும் உண்டு, பல வீடுகளில் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள் என்று என் டாக்டர் சொன்னார். அந்த வீடுகளில் இருக்கும் யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் மறைக்கவில்லை. மறைத்தது போதும்.

மாமல்லபுரத்தில் முதலில் போன சின்ன கிளினிக்கில், காலையில் சாப்பிடாமல் ஓடினாயா என்றுதான் ஆரம்பித்தார்கள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் ஈசிஜி எடுத்தார்கள். அந்தத் தாளை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டினார். “இன்னைக்கே செங்கல்பட்டு போயிடுங்க. நீ ஓடாத. வேகமாக்கூட நடக்காத” என்றார்.

அண்ணனின் குட்டியானையில்தான் போனோம். செய்யூர்ப் பக்கமிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிவரும் சின்ன லோடு வண்டி. ஹாரனில் கை வைத்தால் எடுக்காதவன், அன்று சைக்கிளுக்குக்கூட வழிவிட்டு ஓட்டினான். திருக்கழுக்குன்றம் தாண்டியபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“வுழறதுக்கு முன்னாடி மார்ல எதுனா பண்ணிச்சா?”

“இல்ல. ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

நான் யார் என்று இன்னும் சொல்லவில்லை. கலைவாணி, வீட்டில் கலை. ஊர் கருங்குழி. அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். நான் படூரில் அறை எடுத்துத் தங்கி, உயிர் இயற்பியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்குப் பைத்தியம் இரண்டு: ஓட்டம், மோட்டார். மோட்டார் என்றால் தசைக்குள் இருக்கும் மோட்டார். போன செமஸ்டரில் அதைப் பற்றிப் பேச இருபது நிமிடம் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். நஸ்ரீன் பின்பெஞ்சில் தூங்கிவிட்டாள்.

மயோசின் என்பது அந்த மோட்டாரின் பெயர். அதற்கு ஒரு தலை உண்டு, நெம்புகோல் மாதிரி ஒரு கழுத்து உண்டு. பக்கத்தில் ஆக்டின் என்ற இழை கயிறு போல ஓடும். தலை அந்தக் கயிற்றைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றி இழுக்க வேண்டும். கோடானுகோடித் தலைகள் இப்படி இழுப்பதைத்தான் தசை சுருங்குகிறது என்கிறோம். இழுப்பதற்கு எரிபொருள் வேண்டும். எரிபொருள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் தலை கயிற்றை விட்டுவிடும். பிறகு எரிபொருள் இரண்டாக உடையும். அதில் சின்னத் துண்டுதான் பாஸ்பேட். உடைந்த இரண்டும் உடனே வெளியே போய்விடாது. உள்ளேயே இருக்கும். தலை விறைப்பாகப் பின்னுக்கு வளைந்து காத்திருக்கும்.

கோலி ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். நடுவிரல் நுனியில் குண்டை வைத்து, இன்னொரு கையால் விரலை வில்லாக வளைத்துப் பிடிக்கிறோம் அல்லவா, அந்தப் பிடித்திருக்கும் கைதான் பாஸ்பேட். தலை கயிற்றைத் தொட்டதும் பாஸ்பேட் நழுவி வெளியேறும், விரல் பாயும், கயிறு நகரும். அது வெளியேறும் சந்துக்கு ஆராய்ச்சியாளர்கள் பின்வாசல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கை விட்டதால் விரல் பாய்கிறதா, விரல் பாய ஆரம்பித்ததால் கை விடுகிறதா என்பதில்தான் இன்னும் சண்டை. எது முதலில் என்றாலும், அந்தச் சின்னத் துண்டு உள்ளேயே கிடந்தால் முழு அடி விழாது.

அப்படி நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய மோட்டார்தான் என் நெஞ்சுக்குள் எனக்கு எதிராக வேலை செய்துகொண்டிருந்தது.

செங்கல்பட்டு மருத்துவமனையில் எக்கோ எடுக்க இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். மார்பில் சில்லென்று ஒரு களிம்பைத் தடவி, அதன்மேல் ஒரு கருவியை அழுத்தி நகர்த்துவார்கள். ஒலி அலை போய்த் திரும்பி இதயத்தைத் திரையில் காட்டும். வலி கிடையாது. நான் கழுத்தை ஒடித்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ரொம்ப வேகமாக, ரொம்ப இறுக்கமாக, கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிட வேண்டும் என்கிற மாதிரி ஒரு பிழி. இதயத்தின் இரண்டு பாதிக்கும் இடையில் இருக்கும் சுவரை அளந்தார்கள். இருபத்திரண்டு மில்லிமீட்டர். பதினொன்றுக்குள் இருக்க வேண்டியது.

டாக்டர் நடுவயதுப் பெண். வேகமாகப் பேசுவார், என்னைப் போலவே. ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். இரத்த அழுத்தம் போன்ற வெளிக் காரணம் எதுவும் இல்லாமல் இதயச் சுவர் தடித்துப்போவது. பெரும்பாலும் ஜீனில் பரம்பரையாக வரும் ஓர் எழுத்துப்பிழை. நல்ல இதயத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் நிறைய மயோசின் தலைகள் மடங்கிப் படுத்துத் தூங்கும். எனக்கு அவை தூங்குவதில்லை. தேவைக்கு மேல் தலைகள் விழித்திருந்து இழுக்கின்றன. அதனால் பிழிவது அதிகம், தளர்வது குறைவு. தளர்ந்தால்தானே அடுத்த துடிப்புக்கு இரத்தம் நிரம்பும். வேகமாக ஓடும்போது தடித்த சுவர் இரத்தம் போகும் வழியையே அடைக்கும். சில சமயம் துடிப்பின் தாளம் கெட்டு, இதயம் வெறுமனே நடுங்கும். அப்போது அப்படியே விழுவார்கள். சிலர் எழுவதில்லை.

“இதுக்குப் புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கு. மோட்டார்லயே வேலை செய்யும். பாஸ்பேட் வெளிய போறதையே மெதுவாக்கிடும்” என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். “பின்வாசல்லயா மேடம் ஒட்டுது?”

“மொதல்ல படு” என்றார். “அது எல்லாருக்கும் உடனே கொடுக்கறதில்ல. இப்போதைக்கு இதயத்தை நிதானமா துடிக்க வைக்கிற பழைய மாத்திரை.”

சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் வியாதிக்கும் என் பாடத்துக்கும் ஒரே படம் போதும் என்பதில் ஓர் அல்பச் சந்தோஷம். அது மறுநாள் காலை வரை நீடித்தது.

மறுநாள் அம்மா கஞ்சிப் பாத்திரத்தோடு வந்திருந்தாள். அண்ணன் வார்டு வாசலில் நின்றிருந்தான். டாக்டர் வந்தார்.

“இது ரொம்ப முக்கியம்மா. உங்க வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? அப்படி இருந்தா இவளுக்கு நான் செய்ய வேண்டிய வைத்தியமே வேற. இல்லன்னா மாத்திரை கொடுத்து அனுப்பிட்டு, அப்புறம் பாக்கலாம்.”

“அப்பிடியெல்லாம் யாரும் இல்லம்மா” என்றாள் அம்மா. “இவங்க அப்பாதான் சின்ன வயசுல போனாரு. அது கரண்டு அடிச்சி.”

“யார் பாத்தாங்க?”

அம்மா வழக்கமாகச் சொல்லும் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு திதிக்கும் சொல்லுவாள். எனக்கு மனப்பாடம். அப்போது நாங்கள் செய்யூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம், வேர்க்கடலை போட்டிருந்தோம். நான் ஒன்றாம் வகுப்பு, அண்ணன் ஆறாம் வகுப்பு. அம்மா சொல்லச் சொல்ல நானும் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தேன்.

“மத்தியானம் சோறு துன்னாரு. லைன்மேன் வந்து கம்பத்து மேல ஏறிகினு இருந்தான். வெயிலு கொளுத்துது. பாவம், அவனும் மனுசன்தானன்னு ஒரு சொம்பு மோரு எட்துகினு போனாரு. அவன் மேலருந்தே கயிறு வுட்டான். இவரு சொம்பக் கட்டி மேல ஏத்தி வுட்டாரு. அப்பிடியே மோட்டார் கொட்டாய்க்குப் போயி, மோட்டார்ல கைய வச்சாரு…”

அந்த மோர் வரும் இடத்தில் எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும். சாகும் நாளில்கூட ஒருவனுக்கு மோர் கொடுத்த அப்பா. அன்று அந்த இடத்தில் என் உதடு நின்றுவிட்டது.

“லைன்மேன் கம்பத்து மேலயாம்மா இருந்தான்?”

“ஆமாடி. எத்தினி தபா சொல்லிகீறேன்.”

“லைனை ஆஃப் பண்ணாம அவன் எப்பிடிம்மா ஏறுவான்?”

அம்மா கஞ்சியைக் கலக்கினாள்.

“கரண்டே இல்லாத மோட்டார் எப்பிடிம்மா அடிக்கும்?”

பதினைந்து வருடங்கள் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். இயற்பியல் படித்திருக்கிறேன். எனக்கு ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. அம்மா என்னைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்குக் கடற்கரையில் பார்த்த அவன் முகம் ஞாபகம் வந்தது.

டாக்டர் ஃபைலை மூடினார். “நான் சாயங்காலம் வரேன். அதுக்குள்ள பேசி வைங்க.”

எனக்கு ஹோல்ட்டர் கட்டியிருந்தார்கள். மார்பில் ஒட்டிய ஒயர்களும், கழுத்தில் தொங்கும் சின்னப் பெட்டியும். இரண்டு நாள் துடிப்பு முழுவதையும் ஒன்று விடாமல் பதிவு செய்யும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வராந்தா பெஞ்சுக்குப் போனேன். அண்ணன் நாஸ்தா பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தான். அன்று நாங்கள் பேசியது முழுவதும் அந்தப் பெட்டியில் என் இதயத்தின் மொழியில் பதிவாகியிருக்கும்.

“உனக்குத் தெரியும்” என்றேன்.

“சாப்டு மொதல்ல. இட்லி ஆறுது.”

“உனக்குத் தெரியும்ணா.”

பொட்டலத்து நூலை விரலில் சுற்றினான், பிரித்தான், சுற்றினான்.

“அன்னிக்கு இஸ்கூல் லீவு. நானும் அப்பா கூடப் போனேன். லைன்மேன் நெஜம். மோரு நெஜம். அப்பா கொட்டாய் நெயல்ல குந்துனாரு. மார்ல ஒரு மாதிரி கீதுடா, தண்ணி எட்தாடான்னாரு. தொட்டியாண்ட போயி மொண்டுகினு வந்தேன். அவ்ளோதான்.”

“எவ்ளோ நேரம் ஆச்சு?”

“பத்து எண்ற நேரம் கூட இருக்காது.”

சித்தப்பாதான் ஓடி வந்தாராம். அப்பாவின் தம்பி. அண்ணன் கையைப் பிடித்து, “கரண்டு அடிச்சிச்சின்னு சொல்லுடா, யாரு கேட்டாலும் கரண்டு” என்றாராம். கம்பத்திலிருந்து இறங்கி வந்த லைன்மேனைக் கையெடுத்துக் கும்பிட்டாராம். ஊருக்கு மட்டும்தான் கரண்ட். எந்த ஆபீசிலும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை; எழுதியிருந்தால் பார்க்க ஆள் வந்திருக்கும். சாயங்காலம் உறவுக்காரர்கள் வந்தபோது அப்பாவின் விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. கரண்ட்தான் என்று எல்லோரும் நம்பியது அதைப் பார்த்துத்தான். இது எனக்குத் தெரிந்த பாடம். உயிர் போனால் எரிபொருள் தீரும்; எரிபொருள் இல்லாவிட்டால் தலைகள் பற்றிய கயிற்றை விட முடியாது; எல்லாப் பிணமும் விறைக்கும். தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

“ஏன்?” என்றேன்.

“பொட்டு வூடு” என்றான்.

இந்த வார்த்தையை நான் கேட்டிருந்தேன். ஏழெட்டு வயதில் ஒரு கல்யாணத்தில் யாரோ ஓர் அம்மாள் என் முகவாயைப் பிடித்து, “பொட்டு வூட்டுப் பொண்ணா நீ?” என்றார். நெற்றியில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு வைத்திருந்தேன். அதைத்தான் சொல்கிறார் என்று எனக்கு ஒரே பூரிப்பு. மறுநாள் இரண்டு பொட்டு ஒட்டிக்கொண்டு நின்றேன். அம்மா இரண்டையும் பிய்த்து எறிந்து முதுகில் ஓர் அடி வைத்தாள். ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. தாத்தா பொட்டென்று போனார். தாத்தாவின் தம்பி ஏர் ஓட்டும்போது பொட்டென்று போனார். அதனால் ஊரில் அது பொட்டு வூடு. மூன்றாவதாக அப்பாவும் அப்படிப் போனார் என்று தெரிந்தால் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். கரண்ட் யாரை வேண்டுமானாலும் அடிக்கும். கரண்டுக்குப் பரம்பரை கிடையாது. இப்படித்தான் சித்தப்பா யோசித்தார். ஒரே வருடத்தில் எங்களைக் கருங்குழிக்குக் கூட்டிவந்துவிட்டார்கள்.

எனக்கு இதெல்லாம் கூடப் புரிந்தது. ஆறாமல் இருப்பது வேறு ஒன்று. என் அண்ணன் நான் ஓடிய ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வந்திருக்கிறான். பள்ளிக்கூட விளையாட்டு விழாவிலிருந்து. லோடு இருந்தாலும் போட்டுவிட்டு வந்து முடிவுக் கோட்டில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பான். என் சிநேகிதிகள் எல்லோரும் பொறாமைப்படுவார்கள். இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைக்கும் என்று நானே எழுதியிருக்கிறேன், ஏதோ ஒரு கட்டுரையில்.

“தெரிஞ்சே என்னை ஓட வுட்டுட்டு வேடிக்கை பாத்தியா?”

“வேடிக்கையா பாத்தேன்?” அவன் என் பக்கம் திரும்பினான். “ஓடாதன்னா ஏன்னு கேப்ப. கேக்காம வுடற ஆளா நீ? அதான் தண்ணி எட்துகினு வந்து நின்னேன். இந்த தபாவாச்சும் சீக்கிரம் குட்த்துடலாம்னு.”

“குடுத்தியா?”

மூடியைக்கூடத் திறக்கவில்லை அவன். அத்தனை வருட ஓட்டத்திலும் அவன் கைதட்டியதாக எனக்கு ஞாபகமே இல்லை என்பதும் அப்போதுதான் தோன்றியது. என் அண்ணன் என் வெற்றியைப் பார்க்க வரவில்லை. ஒவ்வொரு தடவையும் என் சாவுக்கு வந்து, அது நடக்காமல் வீடு திரும்பியிருக்கிறான்.

இட்லியை அவனையே சாப்பிடச் சொன்னேன். எழுந்து போகும்போதுதான் பொறி தட்டியது. திரும்பி வந்தேன்.

“உனக்கு?”

“எனக்கு இன்னா?”

“கட்டை தூக்கும்போது எதுனா பண்ணுதா?”

“ரெண்டு தபா கண்ணு இருட்டிச்சி. வெயிலு.”

இது பாதிக்குப் பாதி வியாதி. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் காசு சுண்டிப் பார்க்கிற மாதிரி. எனக்கு விழுந்துவிட்டது என்பதால் அவனுக்குச் சலுகை கிடையாது. மாலையில் டாக்டரிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். இரண்டு முடிவு சொன்னார். ஒன்று, எனக்கு ஐசிடி வைக்க வேண்டும். தோள் எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைக்கும் தீப்பெட்டி அளவுக் கருவி. இதயம் தாளம் தப்பினால் உள்ளேயே ஒரு மின் அதிர்ச்சி கொடுத்துச் சரி செய்யும். இரண்டு, அண்ணன் உடனே எக்கோ எடுக்க வேண்டும். அதுவரை பாரம் தூக்கக்கூடாது.

அம்மா முதல் முடிவிலேயே நின்றுவிட்டாள். “கரண்டா? உள்ளயா? கரண்டு வைக்கப் போறாங்களா இவளுக்கு?”

“அப்பாவ அடிச்ச கரண்டு இல்லம்மா, பயப்படாத” என்றேன். அதற்காக இப்போதும் எனக்கு வெட்கம் இல்லை.

மறுநாள் சித்தப்பா ஆப்பிள் பையோடு வந்தார். அண்ணனுக்கு ஆவணியில் கல்யாணம், பெண் மதுராந்தகம்.

“பத்திரிக அட்ச்சாச்சி” என்றார். “ஆவணி வரிக்கும் வாயத் தொறக்காம கீறியா? படிச்ச புள்ள, ஒனக்கு நான் சொல்லணுமா?”

“எக்கோ எடுக்க அரை மணி நேரம்தான் சித்தப்பா.”

“எட்த்து, இருக்குதுன்னுட்டா? பொண்ணு வூட்ல இன்னா சொல்றது?”

“இருக்குதுன்னு சொல்றது.”

“ஒங்கப்பன் மாதிரியே வாயி” என்றார். ஆப்பிளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். “எங்கண்ணனுக்கு நான் இன்னா, கெட்டதா பண்ணிட்டேன்? ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு கதி வரணும்னுதான.”

அவருக்கும் எக்கோ எடுக்க வேண்டும் என்று சொன்னேன். எழுந்து போய்விட்டார்.

அண்ணன் இரண்டு நாட்கள் வரவில்லை. செய்யூரில் லோடு என்று அம்மா சொன்னாள். நான் படுக்கையில் கிடந்தபடி அவன் ஒவ்வொரு கட்டையாகத் தூக்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தூக்கலுக்கும் கோடித் தலைகள், கோடிப் பின்வாசல்கள். என் ஹோல்ட்டர் முடிவு வந்தது; நடுவில் சில இடங்களில் இதயம் கட்டறுத்து ஓடியிருந்தது. வெள்ளிக்கிழமை அறுவை என்று நாள் குறித்தார்கள். கையெழுத்துப் போடக் காகிதம் வந்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“நீ எக்கோவுக்குப் படுக்கலன்னா, நான் இதுக்குப் படுக்க மாட்டேன்.”

“பேஜாரு பண்ணாத கலை.”

“தண்ணி பாட்டில் எட்துகினு வா. ரெண்டு பேருமா குந்திகினு பாப்போம், யாரு மொதல்ல வுழறாங்கன்னு.”

கொடூரமான பேச்சுதான். டாக்டருக்குத் தெரிந்து என்னைக் கடுமையாகத் திட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் வந்தான். சட்டையில் சவுக்குப் பட்டையின் தூள். எக்கோ அறை வாசலில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். நான் கேட்டுக்கொண்டதால் என்னையும் உள்ளே விட்டார்கள். இடது பக்கம் சாய்ந்து படுத்தான். களிம்பு பட்டதும் சிலிர்த்தான். திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். அதே அவசரம், அதே இறுக்கமான பிழி. என் வீட்டு ஜாடை அந்தத் திரையில் துடித்தது.

பதினாறு. என்னைவிடக் குறைவு; பதினொன்றைவிட அதிகம்.

“பாஸா, ஃபெயிலா?” என்றான் எடுத்தவரிடம்.

“டாக்டர் சொல்வாங்க சார்.”

என்னைப் பார்த்தான். நான் பொய் சொல்லவில்லை. “ஃபெயிலு” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, துணியால் களிம்பைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவன் கையிலிருந்து துணியை வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கருவி வைத்தார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும்தான்; அவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும், தோளில் யாரோ பலமாக அழுத்துகிற மாதிரி இருக்கும். ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது. தலை வாரிவிட நஸ்ரீன் தினமும் படூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். பின்னலை இறுக்கிக்கொண்டே, “எல்லாம் சரி, அந்த பாஸ்பேட் கதையை மறுபடி சொல்லு, அன்னிக்குத் தூங்கிட்டேன்” என்றாள். ஜீன் பரிசோதனைக்கு இரத்தம் போயிருக்கிறது. பிழை மயோசினிலேயா, அதைத் தூங்க வைக்கும் பக்கத்துப் புரதத்திலா என்பது இனிமேல்தான் தெரியும். இருவருமே மாத்திரையில் இருக்கிறோம். அண்ணன் வண்டி ஓட்டுகிறான். பாரம் தூக்க வேறு ஆள். நான் நடக்கிறேன், ஓட்டம் முடிந்துவிட்டது. அதை ஒரு வரியில் எழுத முடிகிறதே என்று இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தெருவில் வண்டி நின்றதும் பக்கத்து வீட்டு விஜயாக்கா முறத்தை வைத்துவிட்டு வந்தார்.

“இன்னா கலை, இப்பிடி எளச்சிப் பூட்ட? மஞ்சக்காமாலையாமே. இப்ப எப்பிடி கீது? கீழாநெல்லி குடிக்கிறியா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள், கையிலேயே சாவியை வைத்துக்கொண்டு. பன்னிரண்டு நாட்களாக அவள் எனக்காகக் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள், தரையில் படுத்திருக்கிறாள், மொட்டை அடிப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். அதற்கு நடுவில் நேரம் ஒதுக்கி எனக்கு ஒரு மஞ்சள்காமாலையும் தயார் செய்திருக்கிறாள். எனக்குக் குழந்தை பிறந்து, அது ஓட ஆரம்பித்து, ஒரு நாள் விழுந்தால், எங்கள் குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லை, இவளுக்குச் சின்ன வயதில் மஞ்சள்காமாலை வந்தது என்று யாரோ ஒரு டாக்டரிடம் யாரோ சொல்வார்கள்.

“மஞ்சக்காமால இல்லக்கா” என்றேன். “இதயம். எங்க வூட்டு நோயி. எங்க தாத்தாவுக்கு இருந்துச்சி. எங்க அப்பாவுக்கும்.”

விஜயாக்கா அம்மாவைப் பார்த்தார். “அப்பாவா? அவரு கரண்டு அடிச்சில்ல…”

அம்மா பூட்டோடு போராடினாள். அண்ணன் பின்னால் என் துணிப்பையோடு நின்றிருந்தான். மதுராந்தகத்தில் பெண் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் விஜயாக்காவின் பிறந்த வீடு. அது அவனுக்குத் தெரியும். இங்கே சொன்னால் ராத்திரிக்குள் அங்கே போய்விடும். பையைக் கீழே வைத்தான்.

“கரண்டு இல்லக்கா” என்றான். “அன்னிக்குக் கரண்டே இல்ல. லைன்மேன் கம்பத்து மேல இருந்தான்.”